பஸ் குடித்த சாராயம்

...இல்லை, இது தன் வாயிலிருந்து வருகிற வாடை இல்லை, என்று கோதண்டம் மூன்றாவது தடவையாக உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்துக்கொண்டான், கையில் கிரீசும் வியர்வையும் காலையில் தின்ற ஆப்பத்தின் புளிப்பும்தான் இருந்தன, ஆனால் மூக்கைக் கையிலிருந்து எடுத்தால் மறுபடியும் அதே வாடை, பட்டைச் சாராயம், பதினாறு வருஷம் குடித்த மூக்கை ஏமாற்ற முடியுமா, ஒரு வருஷம் தொடாமல் இருந்துவிட்டால் மட்டும் மறந்துபோகுமா... கல்மண்டபத்தில் பதினோரு மணி எண்ணூர் பஸ்ஸைக் கிளப்பியபோது இந்த வாடை இல்லை, தண்டையார்பேட்டைக்குள் நுழைந்த பிறகுதான் மெல்ல ஆரம்பித்தது, முதலில் குடித்த ஆள் ஒருவன் எதிரே நடந்து போன மாதிரி, பிறகு அந்த ஆள் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்ட மாதிரி, இப்போது தன் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி. யார் குடித்திருக்கிறார்கள்? திரும்பிப் பார்த்தான். கூடைக்காரப் பெண்கள் ஆறு பேர், விற்று முடித்த வெற்றுக் கூடைகள், இறால் கவிச்சி, கடைசிப் பெஞ்சில் உப்பு இலாகா சேவகர் ஒருவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இவன் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், ஏன் என் முதுகைப் பார்க்கிறார், முதுகில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது... வாடை உடம்புக்குள்ளேயே தங்கிவிடுமோ, ஒரு வருஷம் எலும்பில் ஊறிக் கிடந்துவிட்டு, வேண்டாத நாளாகப் பார்த்து வெளியே வருமோ? இன்றைக்கு என்று பார்த்தா வரவேண்டும், இன்றைக்கு!

இன்றைக்கு என்ன என்றால், சுங்கச்சாவடியில் போலீஸ் சார்ஜன் நிற்கிறான். கிளம்பும்போது அதைச் சொன்னவன் ஜட்கா ஹபீபுல்லா. மோட்டார் பஸ் வந்த நாளாக ஜட்காக்காரர்களுக்குச் சவாரி பாதியாகிவிட்டது, அதனால் பஸ்காரனுக்கு ஒரு கெட்ட சேதி சொல்லக் கிடைத்தால் ஹபீபுல்லா குதிரைக்குப் புல் வைப்பதைக்கூட நிறுத்திவிட்டு ஓடிவருவான். "இன்னா மாமு, எண்ணூருக்கா? போ போ, சார்ஜன் குந்திகினு கீறான், ஒவ்வொருத்தன் வாயா மோந்து பாக்கறான். நம்ம குதிர வாயையும் மோந்தான், அப்பறம் அவனே மூக்கப் பொத்திக்கினு ஓடிட்டான்." எல்லோரும் சிரித்தார்கள், கோதண்டமும் சிரித்தான், சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஹபீபுல்லா அடுத்ததைச் சொன்னான்: "வாயி மட்டும் இல்ல மாமு, வண்டியச் சுத்திச் சுத்தி வந்து மட்கார்டெல்லாம் தட்டித் தட்டிப் பாக்கறான், இன்னாத்துக்கோ." அந்த இடத்தில் கோதண்டத்தின் சிரிப்பு பல்லோடு நின்றுபோயிற்று. போன வாரம் வேறொரு முதலாளியின் பஸ் கால்வாயில் இறங்கி இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள், அந்த டிரைவர் முட்ட முட்டக் குடித்திருந்தானாம், அதிலிருந்து போலீசுக்கு இந்த மோப்பம் பிடிக்கிற வேலை. சரி, வாயை மோந்து பார்க்கட்டும், மட்கார்டு எதற்கு? இடது பக்கத்து மட்கார்டில் ஒரு ஒடுக்கு இருக்கிறது. ஷெட்டுத் தூணில் இடித்தது என்று முதலாளி சௌக்கத் அலி பாயிடம் சொன்னான், அவரும் "தூணுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அதோடு முடிந்தது அது. முடிந்ததா?

"அப்பாவு!" என்று கத்தினான். கண்டக்டர் அப்பாவு படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தவன் பெண்களின் கூடைகளைத் தாண்டித் தாண்டி முன்னால் வந்தான். "இன்னாடா வாடை இது?" "வாடையா? கூடைக்காரிங்க கீறாங்கல்ல அண்ணாத்தே." முன் பெஞ்சில் கூடையை மடியில் கவிழ்த்து வைத்திருந்த காத்திவாக்கத்துச் சொக்கம்மாள் விடுவாளா? "அடப்பாவி, எங்க இறாலு எந்தக் காலத்துலடா சாராயக்கடை வாசன அடிச்சிது?" அப்பாவுவின் முகம் விளக்கெண்ணெய் குடித்த முகமாகப் போயிற்று. மெல்லச் சொன்னான், கோச்சுக்காதே அண்ணாத்தே என்று நாலு தடவை இடையில் சேர்த்துக்கொண்டு. காலை முதல் நடை முடிந்து வந்ததும், ஆடி வெள்ளியாயிற்றே, கால்வாயில் விழுந்த பஸ்ஸின் தோஷம் இந்த பஸ்ஸுக்கு ஒட்டக்கூடாதே என்று ஷெட்டை ஒட்டிய முனீஸ்வரனுக்குப் பூசை போட்டார்கள், எலுமிச்சம்பழம், சுருட்டு, ஒரு பாட்டில் சாராயம். உங்க சாமிக்குச் செய்யறத நீங்க செய்ங்கப்பா, வண்டி ஒழுங்கா ஓடணும், அவ்வளவுதான், என்று பாய்தான் பாட்டிலுக்கே காசு கொடுத்தார். சாமிக்குப் படைத்தது போக மிச்சம் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் என்பது ஷெட்டு வழக்கம். "நீ தொட மாட்டே. நான் குடிச்சா சார்ஜன் மோந்துடுவான். மண்ணுல ஊத்தினா முனீஸ்வரன் சும்மா வுடுவாரா? அப்பறம் பாத்தேன், பூசை வண்டிக்குத்தானே, அதும் பங்க அதுவே குடிக்கட்டும்னு..." "அதுவே குடிக்கட்டும்னு?" "ரேடியேட்டர்ல ஊத்திட்டேன். அரை பாட்டில்தான் அண்ணாத்தே."

அரை பாட்டில்தான்! கோதண்டத்துக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை, முன்னால் ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் நூல் நூலாக ஆவி பறந்தது, அந்த ஆவி காற்றில் சாய்ந்து நேரே அவன் முகத்துக்கு வந்தது, ராஜாவின் வெள்ளி விழாவுக்குப் பாய் பஸ் நெற்றியில் ஒட்டிய காகிதக் கொடிகள்கூட அதில் நனைந்து மயங்கித் தொங்கின. பஸ் குடித்திருக்கிறது, டிரைவர் குடிக்கவில்லை, இதைப் போய்ச் சார்ஜனிடம் சொன்னால் சார்ஜன் நம்புவானா, கச்சேரியில் மாஜிஸ்ட்ரேட் நம்புவாரா? ஏற்கெனவே ஒரு தடவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிராம் கம்பத்தில் கொண்டுபோய்ச் சாத்தியதற்கு லைசென்ஸின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது, அடுத்த தடவை வாடை அடித்தால் இந்த லைசென்ஸ் உன்னிடம் இருக்காது என்று கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. லைசென்ஸ் போனால் என்ன வேலை? மறுபடியும் ஹார்பரில் கரிக்கூடையா, நாற்பத்து மூன்று வயதில்? தங்கபுஷ்பம் என்ன சொல்வாள், அவள் குழாயடியில் நிற்கிற பெண்களிடமெல்லாம், நம்ம வூட்டுக்காரர் வுட்டுட்டார், வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கினேன், அம்மன் வாயக் கட்டிட்டா என்று சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறாள். தெருவில் இதற்கு வேறு வேறு காரணம் உண்டு. தங்கபுஷ்பம் துடைப்பத்தை எடுத்தாள் என்று மேற்கு வரிசையில் சொல்வார்கள், குடலில் புண் என்று கிழக்கு வரிசையில் சொல்வார்கள், பார்சிக்காரர் வீட்டுக் கார் டிரைவர் வேலைக்கு அடிபோடுகிறான் என்று மூலை வீட்டுக்காரர் சொல்வார். அம்மனுமில்லை, துடைப்பமுமில்லை, குடலுமில்லை... தெருவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு என்றால் அது இந்த ஒன்றுதான்.

திருப்பிவிடலாமா? இதோ இந்தச் சந்தில் நுழைத்துத் திருப்பிக்கொண்டு, எஞ்சின் சூடு என்று சொல்லி ஷெட்டுக்குப் போய்விடலாமா? நேற்று ஒரு லாரிக்காரன் அப்படித்தான் சுங்கச்சாவடியைப் பார்த்ததும் திருப்பினான், சார்ஜன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு துரத்தினான், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருந்தது, லாரிக்காரன் குதித்து ஓடினான், ஓடினவனைப் பிடித்துப் பார்த்தால் அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, லாரியில் ஒன்றுமில்லை, ஏன்டா ஓடினே என்றால் பயமா இருந்துச்சு தொரை என்றானாம், அந்தப் பயத்துக்கே ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்களாம். ஓடாதவனுக்கு ஒன்றுமில்லை, ஓடுகிறவனிடம்தான் ஏதோ இருக்கிறது. அப்படியானால் நிற்காமல் போனவனிடம்? ...வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். அதற்குள் சுங்கச்சாவடி வந்தேவிட்டது. வரிசையில் இரண்டு உப்பு வண்டிகள், ஒரு கட்டை வண்டி, அப்புறம் இவன். வெள்ளை உடுப்பில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரச் சார்ஜன், கழுத்து வெயிலில் சிவந்து, தொப்பியால் விசிறிக்கொண்டு மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்திருந்தான். மோப்பம் பிடிக்கிற வேலையைச் சிவப்புத் தலைப்பாகை ஏட்டு பக்தவச்சலத்திடம் விட்டிருந்தான். ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு. அதன்மேல் நடக்கவிடுகிறார்கள் போலிருக்கிறது.

நிறுத்திய பஸ்ஸில்தான் வாடை ஊர்கோலம் புறப்பட்டது. காற்றில்லை. எஞ்சின் கொதித்தது. அந்தக் கொதிப்பில் கோதண்டத்தின் மனசு, வேண்டாம் வேண்டாம் என்று கட்டிவைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துகொண்டு... போன ஆடிப் பதினெட்டு, சாயங்காலம், எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயிருந்த ராயபுரத்துக் கும்பலைத் திருப்பிக் கொண்டுவரக் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனான், அப்பாவுகூட இல்லை, அவன் குடும்பத்தோடு அங்கே சித்திரான்னம் தின்றுகொண்டிருந்தான். காலடிப்பேட்டையில் ஒரு கிளாஸ், தேரடி தாண்டி ஒரு கிளாஸ், பஸ் பறந்தது, என்ன சுகமாகப் பறந்தது. எர்ணாவூர் உப்பளத்து மதகைத் தாண்டி மூன்று பனை நிற்கிற இடம், வெளிச்சம் போயும் போகாத நேரம், இடது பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கத்தல் இல்லை. கத்தியிருந்தால் மனுஷன், கத்தாவிட்டால் மிருகம், அப்படித்தானே? ஆடு கத்தாதா? ஆடும்தான் கத்தும்... நிறுத்தவில்லை. கால் பிரேக்குக்குப் போகவில்லை, தலை திரும்பவில்லை. திரும்பும்போது கும்பல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது, இருட்டு, இவன் எதிரே தெரிந்த விளக்கு வெளிச்சத்தை மட்டும் பார்த்தான். மறுநாள் அந்த இடத்தில் ஒன்றுமில்லை, இரண்டு காக்காய். யாரும் தேடவில்லை. ஆனால் உப்பளத்துக்கு எங்கெங்கிருந்தோ கூலிக்கு வருகிறார்கள், பருவம் முடிந்தால் போகிறார்கள், ஒருத்தன் போய்விட்டான் என்றால் ஊருக்குப் போய்விட்டான் என்றுதானே சொல்வார்கள், அவன் ஊரில் கேட்டால் உப்பளத்துக்குப் போயிருக்கிறான் என்றுதானே சொல்வார்கள்? இரண்டு பக்கமும் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் நடுவில் அவன் எங்கே?

"இன்னாய்யா, எறங்கு." பக்தவச்சலம் ஏட்டு ஒரு காலைப் படியில் வைத்தவர் மூக்கைச் சுளித்துப் பின்வாங்கினார். "அடேயப்பா! தொரை, இங்க வாங்க, இவன் குடிக்கல, குளிச்சிருக்கான்." சார்ஜன் வந்தான். "ஏ மேன், நீ எவ்ளோ குடிச்சான்?" "தொரை, நான் குடிக்கல தொரை." எல்லாக் குடிகாரனும் சொல்கிற முதல் வாக்கியம் அதுதான் என்று சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. ஊது என்றார்கள், ஊதினான். ஏட்டு மோந்து பார்த்தார், மறுபடியும் மோந்து பார்த்தார், முகத்தில் குழப்பம், வாயில் ஒன்றுமில்லை, ஆனால் நாலு திசையிலும் இருக்கிறது. "நட." கோட்டின்மேல் கால் வைத்தான். ஹார்பரில் கரி சுமந்த காலத்தில், கப்பலுக்கும் படகுக்கும் நடுவே முக்கால் சாண் பலகையில், முழு போதையில், தலையில் கூடையோடு நடந்தவன், ஒரு நாள் சறுக்கியதில்லை, இன்றைக்குத் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது, நாலாவது அடியில் கோட்டை விட்டு வெளியே போய்விட்டான். இதென்ன அநியாயம், குடித்தால்தான் நேராக நடக்க வருமா எனக்கு? அன்றைக்குக் கை நடுங்கவில்லையே, அன்றைக்கு ஸ்டீயரிங் எவ்வளவு நேராக இருந்தது... கட்டை வண்டிக்காரன் கைகொட்டிச் சிரித்தான்.

"ஐயே, அந்தாள வுடுங்க சாமி!" சொக்கம்மாள் பஸ்ஸுக்குள்ளிருந்து எழுந்து நின்றுவிட்டாள், கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கோர்ட்டில் வக்கீல் நிற்கிற மாதிரி. "அவுரு குடிச்சி ஒரு வருசம் ஆவுது. போன ஆடியோட வுட்டாரு. நாங்க தெனம் வர்றவங்க, எங்களுக்குத் தெரியாதா? கேட்டுப் பாரு, அல்லாரும் சொல்லுவாங்கோ." அல்லாரும் சொன்னார்கள், ஆறு பேரும் ஒரே நேரத்தில், ஆமாம் சாமி, ஆமாம் சாமி என்று. கோதண்டத்துக்கு ஓடிப்போய் அவள் வாயில் கூடையைத் திணிக்க வேண்டும் போலிருந்தது. ஏட்டு திரும்பினார், பஸ்ஸின் முன்பக்கம் வந்து சாவதானமாக இடது மட்கார்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டார், ஒடுக்கு அவர் உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது, அவர் விரல்கள் அதன் ஓரத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தன, அவருக்கே தெரியாமலா, தெரிந்தா? "போன ஆடியா?" என்றார். "நல்லதுதான். ஏன்யா வுட்டே?"

ஏன்யா வுட்டே. ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவன் பயந்ததே இல்லை, குடித்ததற்குத்தானே பிடிப்பார்கள், குடிக்காததற்குப் பிடிப்பார்களா என்றிருந்தான். அம்மன் என்று சொல்லலாம், குடல் என்று சொல்லலாம், தெரு இவ்வளவு காரணங்கள் தயார் செய்து வைத்திருக்கிறதே, வாயில் வந்தது வேறு. "சும்மாதான் ஏட்டையா..." சும்மா பதினாறு வருஷக் குடியை எவன் விடுவான்? ஏட்டு கண்ணைச் சுருக்கினார், அந்த நேரத்தில், முனீஸ்வரன்தான் புத்தி கொடுத்தாரோ, அப்பாவு மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்துவிட்டான். புஸ்ஸென்று ஆவி ஒரு ஆள் உயரம் எழும்பியது, அந்தச் சுங்கச்சாவடியே சாராயக்கடையாயிற்று, ஏட்டு இரண்டடி பின்னால் தாவினார், அப்பாவு ஆவிக்கு நடுவில் நின்று முனீஸ்வரன் முதல் ரேடியேட்டர் வரை முழுக்கதையும் ஒப்பித்தான். ஏட்டு அதைச் சார்ஜனுக்குப் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் எடுத்துச் சொன்னார், சார்ஜன் குனிந்து மோந்தான், நிமிர்ந்தான், தொப்பியைத் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தான். "பஸ் குடிச்சான்! டிரைவர் குடிக்கலே, பஸ் குடிச்சான்!" உப்பு வண்டிக்காரர்கள் சிரித்தார்கள், பெண்கள் சிரித்தார்கள், மூக்கைப் பொத்தியிருந்த சேவகர்கூடத் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். கோதண்டமும் சிரிக்க வேண்டியிருந்தது, கன்னம் வலித்தது. போ போ என்று சார்ஜன் கையை ஆட்டினான். ஏட்டு மட்டும் சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை மட்கார்டைப் பார்த்தார், அல்லது அதற்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் நின்ற நாயைப் பார்த்தார், அவர் எதைப் பார்த்தார் என்று யார் கண்டது?

தப்பித்தாயிற்று. காலடிப்பேட்டை வந்தது, தப்பித்தாயிற்று, தேரடி வந்தது, கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், தப்பித்தாயிற்று என்று சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. படபடபட என்று பின்னாலிருந்து சத்தம். சார்ஜன்! ஏன் வருகிறான்? எண்ணூருக்கு அவனுக்கு வேலை இருக்கலாம், வெள்ளைக்காரர் பங்களாக்கள் அங்கே எத்தனை இருக்கின்றன, யாராவது டீக்குக் கூப்பிட்டிருப்பார்கள்... பகல் பன்னிரண்டு மணிக்கா டீ? சிரித்ததெல்லாம் நடிப்பா, போக விட்டுப் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று ஏட்டு காதில் ஓதினாரா? வேகத்தைக் குறைத்தான், முந்திக்கொண்டு போகட்டும் என்று, மோட்டார் சைக்கிளும் குறைந்தது, முன்னால் போகிற வேறு உப்பு வண்டிகளின் புழுதிக்கா, இவனுக்கா? கூட்டினான், அதுவும் கூட்டியது. பின்னால் பெண்கள் கூடைகளைத் தட்டி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், "பஸ்ஸுக்கு ஊறுகா வாணுமான்னு கேளுடி" என்று ஒருத்தி, "வூட்டுக்குப் போயி பொண்டாட்டிய ஒதைக்காம இருந்தா சரி" என்று இன்னொருத்தி, அந்தச் சிரிப்புக்கு மேலே அந்தப் படபடப்பு, அது வெளியில் கேட்கிறதா தன் நெஞ்சுக்குள்ளா... வெள்ளை வெளேரென்று உப்பளம் தொடங்கிவிட்டது. இன்னும் அரை மைல். மதகு. மூன்று பனை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்த இடத்தில் அவன் ஒதுங்குவான். ஒவ்வொரு நடையும், ஒரு வருஷமாக, எண்ணூர் போகும்போதெல்லாம், மூன்று பனை வந்ததும் பஸ்ஸை வலப் பக்கம் ஒடித்து ஒரு ஆள் அகலம் தள்ளிப் போவான், சக்கரம் அந்த மண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான், நினைத்துச் செய்வதில்லை, கையே செய்யும். ஐயையோ, பின்னால் வருகிறவன் பார்ப்பானே, நேரான ரோட்டில், பள்ளமில்லாத ரோட்டில், குடிக்காத டிரைவர் எதைக் கண்டு ஒதுங்கினான் என்று கேட்பானே! இன்றைக்கு நேராகப் போக வேண்டும். வெறும் மண், கோதண்டம், வெறும் மண், காக்காய்கூட இல்லை, நேராகப் பிடி, கோட்டின்மேல் நடக்கத் தெரியாமல் போனாய், ரோட்டின்மேலாவது நேராகப் போ... மதகு தாண்டியது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். முதல் பனை. பின்னால் பேச்சு நிற்கவில்லை, ஆனால் கூடைகள் நகருகிற சத்தம் கேட்டது, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தான், ஆறு பெண்களும் பேசிக்கொண்டே ஒரே மாதிரி ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முன் பெஞ்சைப் பற்றிக்கொண்டார்கள், பஸ் இன்னும் வளையவே இல்லை, வளையப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பஸ் வளைந்தது. கைதான் வளைத்தது. "ஏன் டிரைவரே," சொக்கம்மாளின் குரல், பகையில்லாத குரல், பொழுது போகாத குரல், "கேக்கணும் கேக்கணும்னு இருக்கறேன், நேராப் போற ரோட்டுல இங்க வந்தா மட்டும் ஒதுங்கறியே, இன்னா கீது அங்க?" "பள்ளம்," என்றான். "பள்ளமா? எங்க கீது பள்ளம்?" அவள் எட்டிப் பார்த்தாள். அவன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான். வெள்ளை உடுப்பு, கண்ணாடிக்கு நடுவில், நெருங்கி வந்து, அதே இடத்தில், அதே அளவுக்கு, வலப் பக்கம் சாய்ந்து ஒதுங்கியது! பிறகு படபடவென்று முந்திக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, பஸ் குடிச்சான் என்று ஏதோ கத்திச் சிரித்துவிட்டு, புழுதிக்குள் எண்ணூர் பக்கமாக மறைந்துபோனான். அவன் ஏன் ஒதுங்கினான்? அவனுக்கு என்ன தெரியும்? எதிரே பார்த்தான், முன்னால் போன உப்பு வண்டிகளின் தடம் புழுதியில் தெளிவாகத் தெரிந்தது, அதுவும் வளைந்துதான் போயிருந்தது, அதற்கும் அடியில் பழைய தடங்கள், எல்லாம் வளைந்து, ஒரு வருஷமாக இவன் பஸ் அழுத்திப் போட்ட தடத்தில் வண்டிக்காரன் மாட்டை விட்டிருக்கிறான், வண்டி போன தடத்தில் சைக்கிள்காரன் போயிருக்கிறான், சார்ஜனும் அதிலேயே போய்விட்டான், ஒருத்தருக்கும் ஏன் என்று தெரியாது, ரோடே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் வாடை போய்விட்டிருந்தது, எப்போது போயிற்று, ரேடியேட்டர் தெளிந்துவிட்டது போலும். அந்த மறுநாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கோதண்டம் இடப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு வருஷமாக எந்தச் சக்கரமும் படாத இடத்தில், வளைவுக்கு உள்ளே, சுற்றிலும் வெறும் செம்மண்ணாக இருக்க, நடுவில் ஒரு திட்டுப் புல் பச்சையாக வளர்ந்து நின்றது. எவ்வளவு நீளம் இருக்கும்... படுத்த ஆட்டின் நீளமா? அதைவிடக் கொஞ்சம் நீளமா? பஸ் தாண்டிவிட்டது, கழுத்தை இன்னும் வளைத்துப் பார்த்தான், அளவு பிடிபடவில்லை, திரும்பும்போது மறுபடியும் இந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும்.